முந்நூற்று நாற்பது சொற்கள்

இருபத்தேழு வருடம் ராஜபாளையத்தில் டியூஷன் நடத்தியவர் தவசிமுத்து. கணக்கே வராத பிள்ளையையும் உருப்போட வைத்துப் பத்தாம் வகுப்பைத் தாண்ட வைத்துவிடுவார். அதனால், மனைவி தங்கபாய்க்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது அவர் பெரிதாகக் கலங்கவில்லை. கைகால் ஓரளவு தேறிவிட்டது. சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. எதைக் கேட்டாலும் "அது... அது..." என்பாள். மூன்று மாதத்தில் பேச வைத்துவிடலாம் என்று ஒரு நோட்டு வாங்கினார்.

அதில் முந்நூற்று நாற்பது சொற்களை எழுதினார். கதவு, ஃபேன், அண்டா என்று வீடெங்கும் சீட்டு ஒட்டினார். காலையில் இருபது சொல், சாயங்காலம் டெஸ்ட். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் குரல் மட்டும் தெரு வரைக்கும் கேட்டது.

ஒரு மத்தியானம் அவள் செம்பைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"தண்ணின்னு சொல்லு, தாரேன்," என்றார்.

அவள் உதடு துடித்தது. "அது..."

"அதுன்னா எது? ஏட்டி, நேத்துச் சொன்னேல்ல?"

செம்பை அவர் கொடுக்கவில்லை. தங்கபாய் அவர் முகத்தையே பார்த்திருந்தாள். பிறகு எழுந்து, வலது காலை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்து, அந்த உப்புத் தண்ணீரை இடது கையில் ஏந்திக் குடித்தாள். செம்போடு பின்னாலேயே போனவர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

அன்றோடு "அது"வும் நின்றுபோயிற்று.

பத்து நாள் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரமீஜாவிடம் அவளைக் கூட்டிப் போனார். அந்தப் பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

"அவியளுக்கு வார்த்தை மறக்கல சார். நீங்க கேக்கக் கேக்க, பயத்துல வரமாட்டேங்கு. இனிமே ஒண்ணும் கேக்காதீங்க. நீங்க செய்யிறத வாயால சொல்லிக்கிட்டே செய்யுங்க. நடுவுல செத்த நேரம் சும்மா இருங்க. அவிய பேசினா பேசட்டும்."

"எம்புட்டு நாளாகும்?"

"தெரியாது சார்."

பிப்ரவரிக்குள் பாடத்தை முடித்தே பழகியவருக்கு அந்தப் பதில் பொறுக்க முடியாததாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து சீட்டுகளைக் கிழித்தார்.

"வெங்காயம் உரிக்கேன்," என்பார். காத்திருப்பார். ஒன்றும் வராது. "சட்டையைக் காயப்போடுதேன்." ஒன்றும் வராது. ஆளில்லாத வீட்டில் பேசுவதுபோல் கூச்சமாக இருந்தது. முப்பது வருடமாக அவள் இப்படித்தானே பேசிக்கொண்டிருந்தாள் என்று ஒரு நாள் உறைத்தது. அப்போதெல்லாம் அவர் விடைத்தாள் திருத்தியபடி "ம்" என்பார். பல நாள் அதுவும் இல்லை. உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

வாரத்துக்கு ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தார்கள். ஐந்தாவது மாதம், திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் இருந்த தங்கபாய் சொன்னாள்: "மழ."

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. 'மழை எங்க பெய்யுது, தப்பு' என்று நாக்கு நுனி வரை வந்ததை அவர் விழுங்கினார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லவும் ஆசையாக இருந்தது. அதையும் அடக்கிக்கொண்டு, குனிந்து அவள் பார்க்கும் பக்கம் பார்த்தார். தொலைவில், மேற்கு மலையின் ஒரு முடுக்கில் மட்டும் சாம்பல் நிறமாக மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றார் தவசிமுத்து. "மழதான்."

அவள் தலையை அசைத்தாள். அப்புறம் ஊர் வரும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

ஒன்றரை வருடமாயிற்று. இப்போது நாற்பது, ஐம்பது சொற்கள் வரலாம்; அவர் எண்ணுவதில்லை. முன்பு அவள் ஓயாமல் கூப்பிட்ட "என்னங்க" இன்னும் வரவில்லை. நாலைந்து நாள் ஒரு சொல்லும் இல்லாமலே போவதுண்டு. அந்த நாட்களில் துணி மடிக்கும்போது, "இது உன் நீலச் சேலை," என்று சொல்லிவிட்டு, அவர் செத்த நேரம் சும்மா இருக்கிறார். பிறகு அடுத்த துணியை எடுக்கிறார்.