வடிந்தது என்று எழுதியவன்

1
இந்தக் கதை நேற்று நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு தைரியம் வராது.

தாமிரபரணி கரைபுரண்டு ஓடிய அந்த...

(இது எங்கள் பத்திரிகை பாஷை. எந்த வெள்ளத்தையும் கரைபுரளாமல் விடமாட்டோம். அடித்துவிட்டேன்.)

2
நான் பாளையங்கோட்டையில் ஒரு நாளிதழின் உதவி ஆசிரியன். எங்கள் பக்கம் மாலை ஆறு மணிக்கு அச்சுக்குப் போகும். நீங்கள் படிப்பது மறுநாள் காலை. அதனால் காலையில் நடக்கவேண்டியதை மாலையிலேயே நடத்தி முடித்துவிடுவது எங்கள் வழக்கம். நேற்று மழை விட்டிருந்தது. 'வெள்ளம் வடிந்தது' என்று தலைப்புப் போட்டு, மேலப்பாளையத்தில் ஒரு தெருவின் பெயரையும் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

தண்ணீர் வடியவில்லை.

3
கதாநாயகி மஹ்மூதா பீவி, அந்தத் தெருவில் பீடி சுற்றுகிறவர். (அழவைக்கலாமா என்று யோசித்தேன். போனில் அவர் அழவில்லை, அதனால் அந்த வசதி எனக்கில்லை.) இன்று காலை அவருடைய மருமகள் தஸ்லிமாவுக்குப் பிரசவ வலி. வாசலில் இடுப்பளவு தண்ணீர். படகுக்காரர்களைக் கூப்பிட்டால், உங்கள் தெருவில்தான் வடிந்துவிட்டதே என்று பேப்பரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்களாம். அதே பேப்பரிலிருந்த எங்கள் எண்ணுக்கு அடித்தார்.

"நீங்க எழுதிட்டிய. தண்ணிக்கு அது தெரியணும்லா தம்பி."

வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

4
முடிவு அ: நானே படகில் பாய்ந்து...

(எனக்கு நீச்சல் தெரியாது.)

முடிவு ஆ: நான் செய்த ஒரே ஒரு போனில் படகு திரும்பி வந்து...

(போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.)

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டு நாசர், மொட்டைமாடியிலிருந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை இரண்டாக அறுத்தார். ஒரு பாதியில் தஸ்லிமாவை உட்காரவைத்து, தெருக்காரர்கள் மெயின்ரோடுவரை தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி.

5
மணி ஐந்து ஐம்பது. எங்கள் ஆசிரியர் வன்னியராஜ், நாளைய பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டு வைத்திருக்கிறார்.

"வெள்ளத்தில் பிறந்த குழந்தை, தாயும் சேயும் நலம்னு போடும் வே. காலைல படிக்கையில சரியாத்தான் இருக்கும்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் மஹ்மூதா பீவியைக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து இன்னும் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லையாம். பிறகு அவரே கேட்டார்.

"பொறந்துட்டுன்னும் எழுதி வச்சிட்டியளா தம்பி?"

எழுதித்தான் வைத்திருந்தேன். தாயும் சேயும் ந

அடித்துவிட்டேன். அந்தக் கட்டம் காலியாகவே அச்சுக்குப் போகட்டும், வேலை போனாலும் சரி. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால், அவர் போன் செய்யும்வரை என்னோடு உட்கார்ந்திருங்கள்.