விரிப்பில் விழுந்த நெத்திலி

மொட்டைமாடிக் கொடியிலிருந்து என் மனைவி படுக்கை விரிப்பை உருவிய வேகத்தில் கிளிப்புகள் தெறித்து என் தலையில் விழுந்தன. மறுபடியும் சண்டைதான் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் சண்டைக்குக் காரணமே அந்தக் கொடிதான். கீழ்வீட்டு அண்ணி காயப்போட்ட துணிகளை இவள் ஓரமாகத் தள்ளிவிட்டாளாம். இல்லை, காற்று தள்ளியதாம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சே கிடையாது. இவள் படியிறங்கும் சத்தம் கேட்டால் அண்ணி சமையலறை ஜன்னலைச் சாத்துவார். பேருந்து ஓட்டும் என் அண்ணன், எந்த நெரிசலிலும் ஹாரன் அடிக்காத மனிதர், கடைசியில் வேறு வீடு பார்த்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் அன்று மாலை ஃபோன் செய்து முடிவு கேட்பதாக இருந்தது. அண்ணன் இல்லாத கீழ்வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"மசமசன்னு நிக்காதீங்க, கடலப் பாருங்க!" என்றாள்.

பார்த்தேன். கரையோரத் தண்ணீர் உலை மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்தது. பெரிய மீன்கள் ஏதோ துரத்தியிருக்க வேண்டும். நெத்திலிக் கூட்டம் ஒன்று தப்பிக்க வழியில்லாமல் கரைக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு அலையும் விரல் நீள மீன்களை மணலில் கொட்டிவிட்டுப் போனது. வாளியும் குடமுமாகத் தெருவே ஓடியது. சலூன்காரர் கத்தரிக்கோலைக் காதில் செருகியபடி ஓட, பின்னாலேயே பாதி முகத்தில் நுரையோடு அவருடைய வாடிக்கையாளரும் ஓடினார்.

சாதாரண வலை நெத்திலிக்கு ஆகாது. அதன் கண் வழியே நுழைந்து போய்விடும். நெருக்கமாக நெய்த துணிதான் வேண்டும். துணியைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்று, அலை வரும்போது தாழ்த்தி, திரும்பும்போது தூக்க வேண்டும். விரிப்போடு நானும் அவளும் இறங்கினோம். நான் அலை வரும்போதே தூக்கினேன். அடுத்த முறை சரியாகத்தான் செய்தேன், ஆனால் ஒரு நெத்திலி சட்டைக்குள் புகுந்து நெளிந்ததில் கூச்சம் தாங்காமல் மூலைகளை விட்டுவிட்டேன். பிடித்ததெல்லாம் கடலோடு போயிற்று.

"உங்களக் கட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். பக்கத்தில் அண்ணி நின்றிருந்தார். கையிலிருந்த வாளியில் வெறும் தண்ணீர். வாளி சாய்வதற்குள் நெத்திலி நழுவிவிடும். அவரும் வெகுநேரமாக முயன்றிருக்கிறார் போல.

"தள்ளு தம்பி. அத இங்க குடு" என்று என் கையிலிருந்த மூலைகளைப் பிடுங்கிக்கொண்டு வாளியை என்னிடம் நீட்டினார். இருவரும் முகம் பார்க்கவில்லை. அலை வந்தது. இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

"தூக்குங்கக்கா!" என்று கத்தினாள் என் மனைவி.

"தூக்கிட்டேன்டி! உன் பக்கத்தச் சாய்க்காத!"

எனக்கு அந்த 'டி' போதுமாக இருந்தது. வாளியோடு நின்று அசடு வழியச் சிரித்தேன். நடு விரிப்பு கனத்துத் தொங்க, உள்ளே நெத்திலிகள் துள்ளித் துள்ளி மின்ன, இருவரும் தடுமாறிக் கரையேறி மணலில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். நெத்திலிக்கு வாய் கண்ணுக்குப் பின்னால் வரை போகும். அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"உங்க கொழுந்தன் மாதிரியே இல்லக்கா?"

அண்ணி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. என் மனைவிதான் அவர் தலையில் தட்டினாள்.

வேலை முடிந்து வந்த அண்ணனும் காக்கிச் சட்டையோடு குனிந்து அள்ளத் தொடங்கினார். அப்போது அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. வீட்டுக்காரர்தான் என்று நால்வருக்கும் தெரியும். அண்ணன் கையை எங்கே துடைப்பது என்று தேடினார்.

"கை ஈரமா இருக்கில்ல, அடிக்கட்டும் விடுங்க" என்றார் அண்ணி, மீன் அள்ளுவதை நிறுத்தாமல்.

வீட்டுக்கு வந்ததும் அந்த விரிப்பை அலசி மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு முனையை என் மனைவியும் மறுமுனையை அண்ணியும் பிடித்து, ஆளுக்கொரு பக்கமாக முறுக்கிப் பிழிந்தார்கள். விரித்தபோது அது கொடி முழுவதையும் அடைத்துக்கொண்டது. கீழே அண்ணனின் ஃபோன் மறுபடியும் அடித்தது. அண்ணி வாயில் கவ்வியிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, என் மனைவி வாங்கி வாங்கிக் குத்தினாள். காற்று வந்து விரிப்பைத் தூக்கியது. அலசியும் போகாத செதில்கள் அதில் அங்கங்கே பளிச்சிட்டன.