எதுக்கும் சார் எழுதிய ஆபத்துகள்

அறக்கட்டளையின் நிதியுதவிப் படிவத்தில் ஏழாவது கட்டம், ‘என்ன ஆபத்து வரலாம்’ என்பது. அதில், விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு செய்யும் எதுக்கும் சார் எழுதியதெல்லாம் நிதி வாங்கியவர்களுக்கு நடக்காமல் அவருடைய சொந்த வீட்டில் நடந்தது. பள்ளிக்கூடம் கட்டக் கேட்டவர்களுக்கு ‘கூரை ஒழுகலாம்’ என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் ஒரு சொட்டு விழவில்லை, இவர் வீட்டுக் கூடம் நடுக்கோடையில் ஒழுகியது. தேனீ வளர்ப்பவர்களுக்கு ‘கொட்டலாம்’ என்று எழுதிய வாரம் இவர் வீட்டில் பூனை முதற்கொண்டு முகம் வீங்கித் திரிந்தது. எதைக் கேட்டாலும் “எதுக்கும் ஒரு தடவை பார்த்துடுவோம்” என்பவர் என்பதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர்தான் எதுக்கும் சார். பொய் எழுத அவருக்குக் கை வராது. அதனால் சின்ன ஆபத்து என்றால் எழுதிவிட்டு வீட்டில் பட்டுக்கொள்வார், பெரிது என்றால் விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார். பதினொரு வருடத்தில் அறக்கட்டளை கொடுத்த உதவி ஒன்றுகூட வீணாகவில்லை. மற்ற அறக்கட்டளைக்காரர்கள் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி வாளியும் களிம்பும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தாள்.

அப்போதுதான் ஆற்றுத் தீவுகளில் வேலை பார்க்கும் செவிலி ஒருத்தி மருத்துவப் படகு கேட்டு வந்தாள். “போன வருஷம் மட்டும் நாலு பொண்ணுங்க, வயித்துல குழந்தை குறுக்கே கிடந்து, கரைக்கு வர்றதுக்குள்ள போயிட்டாங்க சார். படகு இருந்தா நானே போய்ப் பார்த்துடுவேன்” என்றாள். ஏழாவது கட்டத்தில் எழுத வேண்டியது ஒரே வரிதான்: ‘குழந்தை வயிற்றில் குறுக்கே திரும்பிக்கொள்ளலாம்.’ எதுக்கும் சாரின் மகள் ஏழு மாத வயிற்றோடு வீட்டில் இருந்தாள். எழுதவும் பயம், தள்ளவும் வெட்கம். மூன்று வாரம் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் அலைந்தார்.

மகள் விடவில்லை, கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். அவளுக்கு வந்ததே கோபம்!

“நான் ஒருத்தி நல்லா இருக்கறதுக்கு அங்க அத்தனை பேரும் சாகணுமாப்பா? எழுதுங்க. சரி, பக்கத்துல எட்டாவது கட்டம் ஒண்ணு இருக்கே, அது என்ன?”

“ஆபத்து வந்தா என்ன செய்வோம்னு எழுதறதும்மா. நான் ‘பொறுத்துக்கொள்ளப்படும்’னு போட்டுடுவேன்.”

“பதினொரு வருஷமாவா? அட கடவுளே! கூரையை ஆள் வந்து சரி பண்ணுவாங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தா அம்மா வாளி தூக்கியே இருக்க வேண்டாமே!”

சமையலறையில் அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கே அவர் பேனாவை எடுத்துவிட்டார். ஏழாவதில் அந்த வரியை எழுதினார். எட்டாவதில், ‘செவிலி படகோடு அரை மணி நேரத்தில் வாசலுக்கு வருவார்’ என்று எழுதினார்.

படகு ஆற்றில் இறங்கிய பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மகளுக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. ஆறு அங்கிருந்து நாற்பது மைல். இருபத்தாறாவது நிமிடம் தெருமுனையில் ஹாரன் கேட்டது. பேருந்துக்கும் பழ வண்டிக்கும் நடுவே, அடிப்பக்கம் ஈரம் சொட்டச் சொட்டப் படகு வந்துகொண்டிருந்தது. படகோட்டி எட்டிப் பார்த்துப் பழக்காரரிடம் குடையைக் கொஞ்சம் மடக்கச் சொன்னார். செவிலி மதில்மேல் கால் வைத்து இறங்கினாள். “வழி விடுங்க சார், அழறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்” என்று உள்ளே போனவள், இரண்டு கையாலும் குழந்தையை மெல்லத் திருப்பினாள். பதினொன்றரைக்குத் தெருவே கேட்கும்படி ஒரு பெண் குழந்தை வீறிட்டது. எதுக்கும் சாருக்குத் தலைகால் புரியவில்லை. நின்றுபோன பேருந்தில் ஏறி ஓட்டுநரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தீவுகளில் அந்த வருடம் ஐம்பத்துமூன்று குழந்தைகள் பிறந்தன, எல்லாம் நேராகவே வந்தன. எதுக்கும் சார் அதன்பின் ஒரு விண்ணப்பத்தையும் தள்ளவில்லை.

பேத்தி பிறந்த அன்று சாயங்காலமே நகராட்சி ஆள் ஒருவர் வந்து விசாரித்தார். படகு திரும்புவதற்குச் சிரமப்பட்டதாகப் பழக்காரர் சொன்னார். நகராட்சி ஆள் டேப்பால் தெருவை அளந்து பார்த்து, குப்பைத் தொட்டியை நாலடி தள்ளி வைத்துவிட்டுப் போனார்.