எட்டு வயதுக்கான செருப்பு

இந்த ஒரு செருப்போடு மல்லுக்கட்டியே என் வாரம் போய்விட்டது. கம்ப்யூட்டரில் செய்யும் செருப்புதான். விளம்பரத்துக்காக, எட்டு வயதுப் பெண் போடுகிற சிவப்பு பிளாஸ்டிக் செருப்பு. நிறம் சரி, பளபளப்பு சரி, வாரில் விழுந்த கீறல்கூடச் சரி. படம் மட்டும் மெழுகில் வார்த்தது போலவே வந்து தொலைக்கிறது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நான் லைட்டிங் பார்ப்பவரைத் திட்டினேன். மனிதர் அசரவில்லை. செருப்பு எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்டார். பதினைந்து சென்டிமீட்டர். கம்பெனி அனுப்பிய அளவோ இருபது. பிளாஸ்டிக்குக்குள் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும் என்று மென்பொருள் நிஜ அளவை வைத்துத்தான் கணக்குப் போடும். பொருள் சிறுத்தால் வெளிச்சம் ஊடுருவி, மெழுகாகிவிடும். எனக்குத் தெரியாததா இது? ஆனால் நான் ஸ்கேல் வைத்து அளந்தது என் மகளின் பழைய செருப்பை. அலமாரியிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

அவளுக்கும் இப்போது எட்டு வயது. மூன்று வயதில் அவள் அப்பாவோடு கடல் தாண்டிப் போனாள். வாராவாரம் வீடியோ காலில் பேசுகிறோம். அதில் முகம் தெரியும், கால் தெரியாது. இந்த லீவுக்கு அனுப்புவீர்களா என்று அவரிடம் கேட்டதற்கு, அவள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். மகாராணி யோசித்துச் சொல்கிறாளாம். அந்தப் பதிலுக்காகத்தான் வேலையில் மனம் ஒட்டாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குப் போய் அவளை அழைத்தேன். வேலைக்கு வேண்டும், உன் காலைக் காட்டு என்றேன். சிரித்துக்கொண்டே போனைத் தரைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் ஸ்கேலையும் வைத்தாள். இருபதுக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. நீள நீளமான விரல்கள், கட்டைவிரலில் நகப்பூச்சு. யார் வீட்டுப் பெண்ணின் காலோ என்று இருந்தது. அதை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

“லீவுக்கு வர்றியா கண்ணு?”

“வர்றேன்மா.” எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஆனா ரெண்டு நாள்தான்.”

“ஏன்டி?”

“அங்க எனக்கு யாரையும் தெரியாதேம்மா.”

என்னைத் தெரியாதா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அவளோ பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. சரி கண்ணு, ரெண்டு நாள் போதும் என்றேன்.