ஐந்து வீட்டுக்குச் சொன்னது

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முதல் நாள் ஐந்து வீட்டுக்குப் போன் எடுத்தேன். "அவருக்குக் கேக், பலகாரம் ஒண்டும் நீட்டாதேங்கோ" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

என் கணவர் கிருபைரட்ணத்துக்கு நீரிழிவு. போன வருடம் காலில் வந்த புண் ஆற மூன்று மாதம் எடுத்தது. விரலை எடுத்துவிடுவார்களோ என்று மருந்து கட்டும்போதெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் அவரை அதட்டிக்கொண்டு திரிந்தேன். பயம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும்.

நத்தாரன்று அந்த ஐந்து வீட்டுக்கும் போய் வருவது எங்கள் வழக்கம். டாக்டர் நடக்கச் சொன்னதால் இம்முறை ஓட்டோ பிடிக்கவில்லை. பருத்தித்துறையில் எங்கள் ஆட்களின் வீடுகள் எல்லாம் கிட்டக் கிட்டத்தான். அவர் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு, நத்தார்ப் பாட்டொன்றை முணுமுணுத்தபடி எனக்கு முன்னால் நடந்தார்.

முதலில் என் சித்தியின் மகள் றஜனி வீடு. எனக்குத் தட்டு நிறையக் கேக்கும் முறுக்கும் வந்தன. "அத்தான், உங்களுக்கு வேறையா வைச்சிருக்கிறன்" என்று அவருக்குச் சீனியில்லாத தேத்தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தாள்.

அடுத்தது அவருடைய சிநேகிதர் செபநாயகம் வீடு. "காலைக் காட்டு மச்சான், விரல் எல்லாம் இருக்கோ?" என்று அவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வருடா வருடம் அந்த வீட்டில் இவர்தான் எழும்பி நின்று பாட்டுத் தொடங்குவார். இம்முறை கதிரையை இழுத்துப் போட்டு, "நீ இரு, களைச்சுப் போவாய்" என்றார்கள். இருந்தார்.

தெருவுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "வீட்டை போவம்."

"இன்னும் மூண்டு வீடு கிடக்கு."

"ஆருக்கெல்லாம் சொன்னனீர்?"

"ஐஞ்சு வீட்டுக்கும்."

"அப்ப நான் எதுக்கு? எல்லாரும் என்ரை காலைத்தானே பாக்கினம்."

கோபித்திருந்தால் நானும் ஏசியிருப்பேன். அவர் கோபிக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பி வரும் வழியில் அயல் வீட்டு இரத்தினம்மா அக்கா தன் வாசல் படலையில் நின்றா. "நத்தாரும் அதுவுமா வாசலாலை பேசாமல் போறியளோ?" அவ சைவ சமயம், நத்தார் கொண்டாடாதவ, அதனால் அந்த வீட்டுக்குப் போன் எடுக்க எனக்குத் தோன்றவேயில்லை. நாங்கள் கதிரையில் இருக்க முதலே பயத்தம்பணியாரமும் அரியதரமுமாக இனிப்புப் பலகாரங்கள் தட்டில் வந்துவிட்டன.

என் வாய் திறந்துவிட்டது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

ஒரு பயத்தம்பணியாரத்தை எடுத்து, இரண்டாக உடைத்து, ஒரு பாதியை என் கையில் வைத்தார். "எனக்குச் சீனி வருத்தம், அக்கா. இவ்வளவு காணும்."

"ஓமோ? அப்ப ஒரு பாட்டாவது படிச்சிட்டுப் போங்கோ."

எழும்பி நின்று முழுப் பாட்டையும் பாடினார்.

வெளியே வந்ததும் சொன்னேன், "எனக்குப் பயமாக் கிடந்துது."

"எனக்கும்தான்" என்றவர், வீட்டுப் பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கம் நடந்தார். "வாரும், மிச்ச மூண்டு வீட்டையும் போவம்."

போன் அடித்தது. அடுத்துப் போகவிருந்த வீட்டிலிருந்து அவருடைய தங்கை அற்புதராணி. "அண்ணி, கேக்கை எல்லாம் உள்ளுக்கை ஒளிச்சு வைச்சிட்டம். அண்ணைக்கு வேறை என்ன குடுக்கிறது?"

"அண்ணையையே கேளும்" என்று போனை அவர் கையில் கொடுத்தேன்.