சத்தமாகச் சொல்ல வேண்டிய ஓட்டு

எழுதத் தெரியாதவர்கள் ஓட்டுப் போட ஒரு விதி இருந்தது. அதை எழுதியவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எழுத்துத் தெரிந்தவன் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போய்த் தன் பாட்டுக்குச் சீட்டில் பெருக்கல் குறி போடலாம். தெரியாதவன் குமாஸ்தாவிடம் வந்து, இன்னாருக்கு என்று வாயால் சொல்ல வேண்டும். குமாஸ்தா குறி போடுவான். தேர்தலில் நிற்பவர்கள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம்.

1925இல் ரங்கூன் முனிசிபல் தேர்தல். கெமண்டைன் வார்டில் இந்தியர் ஸ்தானத்துக்கு அந்தக் குமாஸ்தா நான்தான். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ஞானசுந்தரம்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ரெங்கசாமி மேஸ்திரி. ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், மூட்டை தூக்கும் நானூறு கூலிகள் அவர் ஆட்கள். அவர்கள் அடைந்து கிடக்கும் கொட்டடியும் அவருடையதுதான். அவரை எதிர்த்து நின்றவர் குழந்தைவேலு கம்பவுண்டர். கொட்டடிக்குக் குழாயும் கக்கூஸும் கொண்டுவருவேன் என்று சொன்னவர். அந்த அப்பாவி மனுஷர் உள்ளே வந்து உட்காராமல், வெளியே வெயிலில் நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

கூலிகளுக்கு ஓட்டுக் கிடையாது. வரி கட்டும் சின்னக் கடைக்காரர்களுக்குத்தான் உண்டு. மத்தியானம்வரை வந்த எழுதத் தெரியாதவர்கள் எல்லாரும் மேஸ்திரி முகத்தைப் பார்த்துக்கொண்டே "ரெங்கசாமி" என்றார்கள். நானும் குறி போட்டுக்கொண்டே இருந்தேன்.

பிறகு பவுனம்மாள் வந்தாள்.

ஜெட்டி ரோட்டில் சோற்றுக்கடை வைத்திருப்பவள். தன் பேரிலேயே வரி கட்டுவதால் பெண்ணானாலும் ஓட்டு உண்டு. அவள் கடையில் சாப்பிடும் அறுபது பேரும் மேஸ்திரியின் ஆட்கள். அங்கே கை நனைக்காதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே அவள் அடுப்பு அணைந்துவிடும். ஆனால் போன மழைக்காலத்தில் கொட்டடியில் வாந்திபேதி வந்து ஏழு பேர் செத்தார்கள். ஏழு பேர் வாயிலும் கடைசிக் கஞ்சி ஊற்றியவள் அவள்தான். அவள் மனசில் இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும்.

"வா பவுனு," என்றார் மேஸ்திரி. "யாருக்குன்னு வாத்தியார்கிட்ட சத்தமாச் சொல்லு."

அவள் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவர் பேரையே சொல்லித் தொலை தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கெஞ்சினேன்.

"வாத்தியாரய்யா, சீட்டுல என்ன எழுதணும்?"

"எழுத ஒண்ணுமில்லம்மா. பேருக்கு நேரா ஒரு பெருக்கல் குறி."

"ரெண்டு கோடுதானே? கோலம் போடுற கைக்கு அது வராதா? எந்தப் பேரு மேல, எந்தப் பேரு கீழன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க. நானே போட்டுக்கறேன்."

மேஸ்திரி எழுந்துவிட்டார். "அதெல்லாம் சட்டத்துல இல்ல! எழுத்துத் தெரியாதவ இங்கயே சொல்லித்தான் ஆகணும்!"

தேர்தல் அதிகாரி ஊ தெய்ன் பர்மாக்காரர். நடந்ததை அவருக்குப் பர்மிய மொழியில் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மேஸ்திரியின் பார்வை என்னை விட்டு நகரவில்லை. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"குறி போட முடியாதவர்களுக்குத்தான் குமாஸ்தா," என்றார் ஊ தெய்ன் ஒருவழியாக. "பெயரைப் படித்துக் காட்டக் கூடாது என்று எங்கும் இல்லை. படியுங்கள்."

"மேல குழந்தைவேலு," என்றேன். "கீழ ரெங்கசாமி."

அவள் தட்டிக்குப் பின்னால் போனாள். வந்தாள். நாலாக மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டாள். மேஸ்திரி வழியை மறித்தார்.

"யாருக்குடி போட்ட?"

"அத இனிமே அந்தப் பொட்டியத்தான் கேக்கணும் மேஸ்திரி. இன்னிக்குக் கருவாட்டுக் குழம்பு. ஆளுங்கள வரச்சொல்லுங்க."

அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் யாருக்குப் போட்டாள் என்று அடித்துச் சொல்ல முடியாதபோது எந்தக் குற்றத்துக்கு அவள் கடையை மூடுவார்? அடுத்து வந்த வண்ணான், "எனக்கும் படிச்சுக் காட்டுங்கய்யா" என்றான்.

இருந்தும் ரெங்கசாமிதான் ஜெயித்தார். நாலே ஓட்டில். மறுநாள் அவள் கடைக்குப் போனேன். அறுபது பேரும் வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாலு ஓட்டு!" என்று பொருமிக்கொண்டே எனக்கு இலை போட்டாள். "ஆமா, நீங்க யாருக்குப் போட்டீங்க வாத்தியாரய்யா?"

தேர்தலன்று காலையில் முதல் ஓட்டு என்னுடையது. தட்டிக்குப் பின்னால் என்னைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று நன்றாகத் தெரிந்தும், பயந்துபோய், ரெங்கசாமி பேருக்கு நேராகக் குறி போட்டிருந்தேன்.

"அது ரகசியம் பவுனம்மா," என்றேன்.

"அதுவும் சரிதான். நான்தான் கேட்டிருக்கக் கூடாது," என்று சொல்லி, இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள்.