இடம் மாறிய அட்டை

கத்திரி எழுந்து போய் ஒரே ஓர் அட்டையை இடம் மாற்றிக் குத்தியதும் அதை வரைந்த அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கத்திரி என்பது டைரக்டருக்கு ஆபீஸே சேர்ந்து வைத்த பெயர். எதைக் காட்டினாலும் வெட்டுகிற மனிதர். அன்று ஏனோ எதையும் வெட்டவில்லை. கார்ட்டூன் படம் முதலில் பிறப்பது சுவரில்தான். காட்சியைத் துண்டு துண்டாக அட்டைகளில் வரைந்து, வரிசையாகக் குத்தி, வரைந்தவரே எல்லாக் குரலிலும் பேசி நடித்துக் காட்டவேண்டும். அவள் தாய்க் கரடியாகச் செருமி, குட்டியாகக் குறட்டை விட்டு, கதவாகக் கிரீச்சிட்டு முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் வைத்த வரிசை இதுதான்: குட்டி தூங்குகிறது. தாய்க் கரடி வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறது. கதவு மூடுகிறது. அப்புறம்தான் குட்டி கண் விழிக்கிறது. அந்தக் கடைசி அட்டையைப் பிடுங்கி, தாய் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் குத்திவிட்டார் கத்திரி. இப்போது குட்டி விழித்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டே தாய் கதவைச் சாத்துகிறாள். ஒரு கோடு கூட மாறவில்லை, ஆனால் அந்தத் தாய் வேறு தாயாகிவிட்டாள்.

"சார், இது அநியாயம். பெத்தவ யாராவது பிள்ளை முழிச்சிருக்கிறதப் பாத்துட்டு அப்படியே போவாளா?"

"போனாத்தாம்மா கதை" என்றார் கத்திரி.

அவளால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் காட்சி அவளுடையது. அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அம்மா வீட்டை விட்டுப் போனாள், திரும்பி வரவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசில்லாமல் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாளாம். பத்து வயது மூத்த அண்ணன் அப்படித்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தான். தான் விழித்திருந்தால் அம்மாவுக்குப் போகக் கால் வந்திருக்காது என்று அவள் நம்பினாள். அம்மாவை மன்னிக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு காரணம்தான். போயும் போயும் அதிலா இந்த மனுஷன் கைவைக்க வேண்டும்!

அண்ணனும் அதே அறையில் கடைசி நாற்காலியில்தான் இருந்தான். படங்களைக் கோத்து, ஒப்புக்குக் குரல் சேர்த்து ஓட்டிக் காட்டுகிற எடிட்டர். மூன்று கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வான்.

"அண்ணா, நீயே இவர்கிட்ட சொல்லு. நம்ம அம்மா அப்படியா போனாங்க?"

சுற்றியிருந்தவர்கள் சட்டென்று காப்பிக் கோப்பைகளுக்குள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார் வெச்சதுதான் சரி."

"என்ன?"

"நீ முழிச்சிட்டுதான் இருந்தே."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. அண்ணன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகுதான் வார்த்தைகள் வந்து சேர்ந்தன.

"கடைக்குப் போயிட்டு வந்துடறேன்னு உன்கிட்டதான் சொன்னாங்க. நீ சரின்னு தலையாட்டி டாட்டா காட்டினே. நான் கதவுப் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நாமதானே போகவிட்டோம்னு நீ நெனச்சுக்கக் கூடாதுன்னுதான்."

இத்தனை வருடமும் அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அண்ணன் அடுக்கிக் கொடுத்த படம். ஒரு பையன் தங்கைக்காக வரிசையை மாற்றியிருக்கிறான், அவ்வளவுதான்.

"பழையபடியே வெச்சிடலாம்மா" என்று கத்திரி அட்டையை நோக்கிக் கையை நீட்டினார். அவர் குரல் அவருக்கே பழக்கமில்லாத அளவுக்குத் தணிந்திருந்தது.

"வேணாம் சார், தொடாதீங்க."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். கதவு மூடுவதற்கு முன் இன்னோர் அட்டை வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதில் என்ன வரைவது என்றுதான் தெரியவில்லை.

"நான் டாட்டா காட்டினதும், அம்மா திரும்பிக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

கொஞ்சமும் யோசிக்காமல் உடனே சொன்னான். நெற்றி முத்தத்தையும் அவன் இப்படித்தான் சொல்லியிருந்தான்.